ஆறே முக்கால் சங்கு

செவல்மேட்டுப்பட்டி பேரூராட்சிக்கும் அதன் புதிய செயல் அலுவலர் சங்கரலிங்கத்துக்கும் முதல் நாளே ஒத்துப்போகவில்லை. பதினோரு நிமிட வித்தியாசம்.

1988 ஏப்ரல் ஆறாம் தேதி, புதன்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலுள்ள வீட்டிலிருந்து எட்டு மணிக்குக் கிளம்பி, ராஜபாளையத்தில் பஸ் மாறி, ஊர் நூலகத்துக்கு எதிரே அவர் இறங்கிய நொடியில் பேரூராட்சிச் சங்கு ஊதியது. ஒன்பது மணிச் சங்கு. கையைத் திருப்பிப் பார்த்தார். எட்டு நாற்பத்தொன்பது. ஏழேகால் மணி டில்லிச் செய்திக்கு முன்னால் ரேடியோவில் வரும் 'பிப்' ஒலியைக் கேட்டு முள்ளைச் சரிபார்த்துக் கட்டிவந்த கடிகாரம் அது. இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் ஒரு நாளும் அவரைக் கைவிட்டதில்லை. ஆனாலும் ஒரு சங்கு ஊர் முழுக்க அத்தனை உரக்கச் சொல்லும்போது, மனுஷனுக்குத் தன் மணிக்கட்டின் மேலேயே சந்தேகம் வரத்தான் செய்கிறது.

மறுநாள் கைப்பையில் சின்ன டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு வந்தார். பகல் ஒரு மணிக்குப் 'பிப்' ஒலி வந்தபோது, சங்கு ஊதி ஓய்ந்து, அதை ஊதிய மாரிசாமி பாதிச் சாப்பாட்டில் இருந்தார். மாரிசாமி பேரூராட்சியின் குழாய் பிட்டர். காலையில் ஆபீஸைத் திறப்பது, சங்குப் பொத்தானை அமுக்குவது எல்லாம் அவர் பொறுப்புதான். கை கழுவிவிட்டு வந்தவரைச் சங்கரலிங்கம் கூப்பிட்டார்.

"மணி பார்த்துத்தான் ஊதுறீங்களா?"

"பார்க்காம ஊதுவேனாய்யா? அந்தா தொங்குது பாருங்க, சுவர்க் கடியாரம். பெரிய முள்ளு பன்னெண்டைத் தொட்டதும் அமுக்கிருவேன். முந்தவும் மாட்டேன், பிந்தவும் மாட்டேன்."

"சுவர்க் கடிகாரத்துக்கு யாரு சாவி குடுக்கிறது?"

தலைமை எழுத்தர் தவசிமுத்து எழுந்து நின்றார். "நான்தான் சார். திங்கக்கெழமைக்குத் திங்கக்கெழமை."

"முள்ளை எதைப் பார்த்துச் சரி பண்ணுவீங்க?"

இதுகூடத் தெரியாமல் ஒரு ஈ.ஓ.வா என்பதுபோலத் தவசிமுத்து பார்த்தார். "சங்கைக் கேட்டுத்தான் சார்."

சங்கரலிங்கம் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்துச் சங்கு. சங்கைக் கேட்டுக் கடிகாரம். மாமனுக்கு மச்சான் ஜாமீன், மச்சானுக்கு மாமன் ஜாமீன் என்று இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு, உலகத்தை விட்டு மெல்ல மெல்லப் பதினோரு நிமிடம் தள்ளிப் போய்விட்டன. எத்தனை வருஷமாக என்று ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை.

சங்கரலிங்கம் எதையும் வாயால் சொல்லி விட்டுவிடும் ஆளில்லை. உடைந்த குழாய்க்கு ஒருவர் மனுக் கொடுத்தால், குழாய் சரியானாலும் ஆகாவிட்டாலும் மூன்றாம் நாள் அவருக்குப் பார்வை, பொருள் எல்லாம் போட்ட பதில் கடிதம் போய்விடும். இதற்கும் ந.க. 214/88 என்று எண் போட்டு உத்தரவு எழுதினார். ஏப்ரல் பதினெட்டு, திங்கட்கிழமை முதல் சங்கு இந்திய நேரப்படி ஒலிக்கும். நோட்டீஸைத் தன் கைப்படவே முத்து முத்தாக மூன்று பிரதி எழுதி, ஆபீஸ் வாசலிலும் ரேஷன் கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டச் சொன்னார்.

பதினெட்டாம் தேதி காலையில் அவர் வந்து இறங்கியபோது ஆபீஸ் முற்றத்தில் நாற்பது பெண்கள் நின்றார்கள். எல்லார் கையிலும் தூக்குவாளி. எல்லாரும் ராஜபாளையம் பக்கத்து நூல் மில்லுக்குப் போகிறவர்கள். முன்னால் நின்றவள் வெள்ளைத்தாய். ரீலிங் பிரிவில் பதினெட்டு வருஷ அனுபவம், இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"நீங்கதான் புது ஈ.ஓ.வா அய்யா? எங்களப் பூராவும் இன்னைக்கு வீட்டுல உக்கார வச்சுட்டீகளே."

"நான் என்னம்மா செஞ்சேன்?"

"ஏழு மணிச் சங்கு ஊதுனா அடுப்பை அணைச்சு, தூக்குவாளிய மூடி, சின்னதுக்கு மூஞ்சியக் கழுவிவிட்டு நடப்போம். பஸ்சும் வந்து நிக்கும். இன்னைக்குச் சங்கு ஊதி நான் மூடியத் தேடுதேன், பஸ்சு ஊரத் தாண்டுற சத்தம் கேக்கு. ஏழு பத்து பஸ்ஸ விட்டா எட்டு மணிக்கு மில்லுக் கேட்டை எங்களுக்கா தொறந்து வைப்பாக?"

"நோட்டீஸ் ஒட்டியிருந்தேனே. மூணு இடத்துல."

"ஒட்டுனீக. ரேஷன் கடையில நானும் பார்த்தேன். சீனி வந்திருக்குன்னு நெனச்சு வாசிக்கச் சொன்னேன். சங்குன்னாக. சீனி இல்லேன்னதும் வந்துட்டேன்."

பின்னால் சிரிப்பு எழுந்தது. சங்கரலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "சங்கு தப்பான நேரத்தைச் சொல்லலாமாம்மா?"

"தப்பாச் சொல்லிச்சு, நாங்க நேரத்துக்குப் போனோம். இப்பச் சரியாச் சொல்லுது, நாங்க இங்க நிக்கோம்."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளைத்தாய் அவள் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "ஏட்டி, ஒன் சங்கதியச் சொல்லு. எங்களுக்கு ஒரு நாள் சம்பளத்தோட போச்சு."

அவள் ஞானபாக்கியம். கீழத்தெருக் கடைசி வீடு. மில்லில் பதலி ஆள், நிரந்தரம் இல்லை. தினமும் கேட்டில் நின்று, வராதவர்களின் இடத்துக்குக் கூப்பிட்டால் உள்ளே போக வேண்டும். அந்த மில்லின் வழக்கப்படி இரண்டு வருஷத்தில் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்திருந்தால் நிரந்தரம்.

"இந்த மாசம் முப்பதாம் தேதியோட ரெண்டு வருசம் முடியுது அய்யா," என்றாள். தரையைப் பார்த்துத்தான் பேசினாள். "நானூத்தி அறுபத்தொம்பது நாள் ஆயிருக்கு. நேரத்துக்கு வந்தா தெனமும் வேலை தாரேன்னு மேஸ்திரி சொல்லிட்டாக. இன்னைக்கோட பன்னெண்டு வேலை நாள் இருந்துச்சு. ஒரு நாள் கையிருப்பு. அது இன்னைக்குப் போச்சு. இனி பதினோரு நாள் இருக்கு, பதினோரு நாளும் வேணும். ஒண்ணு தவறுனாலும் மறுபடி ஒண்ணுலேருந்து." தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டு, "நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீக. கொறை சொல்ல வரல்ல," என்றாள்.

இந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் சங்கரலிங்கம் தன் உத்தரவுக்காக இன்னும் அரைமணி நேரம் வாதாடியிருப்பார்.

பேரூராட்சித் தலைவர் இருளப்பசாமி புல்லட்டில் வந்து சேர்ந்தார். பருத்திக்கொட்டை வியாபாரி, எதற்கும் கலங்காதவர். "ஊரு முன்னேறிக்கிட்டிருக்குன்னு மேடைக்கு மேடை பேசிக்கிட்டிருந்தேன் சார். பதினோரு நிமிசம் முன்னாடி ஓடுதுன்னு நீங்க சொல்லித்தான் தெரியும். பேசாமப் பழையபடி ஊதச் சொல்லிருங்க. யாரு கேக்கப்போறா?"

"நான் கேட்பேன் தலைவரே. தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்."

"அப்ப ஆறே முக்காலுக்கு இன்னொரு சங்கு ஊதுங்க."

"அதுக்குக் கவுன்சில் தீர்மானம் வேணும். அடுத்த கூட்டம் மே அஞ்சாம் தேதி."

"அவசரக் கூட்டம் போட்டா?"

"பாதிக் கவுன்சிலர் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வெளியூர் போயிருக்காங்க. நீங்களே இன்னைக்குச் சாயந்திரம் சென்னைக்குப் போறீங்க."

தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார். நாற்பது பெண்களும் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

சங்கரலிங்கம் சங்குக் கோப்பை எடுத்துவரச் சொன்னார். தவசிமுத்து தும்மிக்கொண்டே கொண்டுவந்தார். 1961ஆம் வருஷத் தீர்மானம். காலை ஏழு, ஒன்பது, பகல் ஒன்று, மாலை ஐந்து, இரவு எட்டு ஆகிய ஐந்து வேளை தவிரச் சங்கு ஊதலாகாது என்று கண்டிப்பாக எழுதியிருந்தது. அந்தக் காலத்துத் தலைவர் ஒருவர் தம் மகன் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக்கு ஊதச் சொல்லி, தீப்பிடித்துவிட்டதென்று ஊர் குடத்தோடு ஓடிவந்த கதையும் அதற்குக் கீழேயே இருந்தது. யாரும் புரட்டிப் பார்க்காத மூன்றாம் பக்கத்தில், ஏழாவது விதியாக ஒரு வரி: 'இயந்திரம் நல்ல நிலையில் உள்ளதா என்பதைச் செயல் அலுவலர், தாமே நேரில் நின்று, எந்த வேளையிலும் ஒலிக்கச் செய்து பரிசோதிக்கலாம்.'

அவர் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். 'தாமே நேரில் நின்று' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு தவசிமுத்துவிடம் ஒரு தாள் கேட்டு எழுதினார்: 'நாளை முதல் முப்பதாம் தேதி வரை, வேலை நாட்களில், காலை ஆறே முக்கால் மணிக்குச் சங்கு இயந்திரம் பரிசோதிக்கப்படும்.'

"ஏம்மா ஞானபாக்கியம், ஆறே முக்காலுக்குச் சங்கு கேட்கும். கேட்ட பொறவு கிளம்பினாப் போதும். பஸ்ஸுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும்."

"சரிங்கய்யா," என்றாள் அவள்.

ஆறே முக்காலுக்குச் செவல்மேட்டுப்பட்டியில் நிற்க வேண்டுமானால், விடிகாலையில் பஸ் குறைவு என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐந்தேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அன்று வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி சண்முகத்தாய் முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தினாள்.

"பத்தொம்பது வருசத்துல நீங்க நாலரைக்கு முழிச்சு நான் பார்த்ததில்லை. யாரு அந்த ஞானபாக்கியம்?"

அவர் முழுவதையும் ஆதியோடந்தமாகச் சொன்னார். விதி ஏழையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "பதலியா நின்னா கஷ்டந்தான்," என்றாள். பிறகு, "பதினோரு நாளும் நான் எந்திரிச்சுக் காப்பி போடணுமே, அதுக்கு எந்தக் கவுன்சில்ல தீர்மானம் போட்டீக?" என்றாள். ஆனால் மறுநாள் நாலரைக்கு அவள்தான் அவரை எழுப்பினாள்.

ராஜபாளையத்தில் அவர் மாறி ஏறுகிற முதல் பஸ், ஊரைக் கடந்து மலையடிவாரம் வரை போய்த் திரும்பி, ஏழு பத்துக்கு மில் பெண்களை ஏற்றிக்கொள்ளும் அதே பஸ். கண்டக்டர் பேச்சிமுத்து இரண்டாம் நாளே பழகிவிட்டார்.

"சார், ஆறு வருசமா இந்த ரூட்டுல இருக்கேன். தெனமும் ஏறும்போது அந்த வெள்ளைத்தாயி, 'இன்னைக்கும் லேட்டா, வீட்டுல விருந்தா'ம்பா. நான் ஏழு பத்துக்கு வந்து நிக்கேன், அவிய ஊரு மணி ஏழு இருவத்தொண்ணு. ஒரு ஆளு நம்பல்ல சார். எங்க டெப்போவுக்கே ரெண்டு தடவை மொட்டைப் பெட்டிசன் போட்டுட்டாக."

"நீங்க சரியான நேரத்துக்குத்தான் வர்றீங்க," என்றார் சங்கரலிங்கம். "என் கடிகாரத்துல பார்க்கிறேனே."

"அதை யாராச்சும் எழுத்துல குடுத்தாத் தேவலை சார்," என்று பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த டிக்கெட்டைக் கிழிக்கப் போனார்.

நாட்கள் ஒழுங்காக ஓடின. ஆறே முக்காலுக்கு மாரிசாமி பொத்தானை அமுக்குவார். சங்கரலிங்கம் கைகட்டிப் பக்கத்தில் நிற்பார். 'இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். தூக்கக் கலக்கத்தைப் பொறுத்துக்கொண்டால், காலை நேரத்து ஊர் அழகாகத்தான் இருந்தது. கடைத்தெருவில் வடைச்சட்டியில் எண்ணெய் காயும். குழாயடியில் குடங்களின் வரிசை இருக்கும், குடத்துக்குச் சொந்தக்காரர்கள் இருக்க மாட்டார்கள். பஸ் கிளம்பும் வரை நிறுத்தத்துக்கு எதிரே நின்று அவர் பார்ப்பார். ஞானபாக்கியம் ஏறும்போது விரல்களை உயர்த்தி எத்தனையாவது நாள் என்று காட்டுவாள். ஐந்துக்கு மேல் இரண்டு கையும் வேண்டியிருந்ததால் தூக்குவாளியை வெள்ளைத்தாயிடம் கொடுத்துவிட்டுக் காட்டுவாள். இருபத்தொன்பதாம் தேதி பத்து விரலும் விரிந்தன.

முப்பதாம் தேதி, சனிக்கிழமை, ஆறு முப்பதுக்குக் கரண்ட் போய்விட்டது.

மாரிசாமி பொத்தானை அமுக்கினார். விட்டார். மறுபடி அமுக்கினார். கூரைமேல் சங்கு ஊமையாக உட்கார்ந்திருந்தது.

"வந்துரும்யா," என்றார் மாரிசாமி.

சங்கரலிங்கம் கையைப் பார்த்தார். ஆறு நாற்பத்தாறு. "எத்தனை சைக்கிள் இருக்கு?"

"என்னோடது ஒண்ணு, ஆபீஸ் சைக்கிள் ஒண்ணு."

"நீங்க கீழத்தெருப் பக்கம் போங்க. நான் தெக்குத்தெரு, மேலத்தெரு. ஆறே முக்கால் ஆயிருச்சுன்னு சத்தம் போட்டுக்கிட்டே போங்க."

"அய்யா நீங்களுமா?"

அதற்குள் சங்கரலிங்கம் வேட்டி நுனியை மடித்துக் கட்டி ஏறிவிட்டார். அவர் உரக்கப் பேசியே ஊரில் யாரும் கேட்டதில்லை. முதல் குரல் தொண்டையைத் தாண்டவில்லை. மூன்றாவது குரலில் தெற்குத்தெரு நாய்கள் எழுந்தன. "ஆறே முக்கால்! ஆறே முக்கால் ஆயிருச்சு!" என்று கூவிக்கொண்டு அவர் மிதிக்க, ஒரு வீட்டிலிருந்து கிழவி ஒருத்தி சுளகோடு வந்து, "உப்பா? ரெண்டு படி போட்டுட்டுப் போய்யா," என்றாள். நின்று விளக்க நேரமில்லை. பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர் ஈ.ஓ.வை அடையாளம் கண்டு வாயில் நுரையோடு கும்பிட்டார்.

ஏழு ஐந்துக்கு வியர்வை சொட்ட நிறுத்தத்துக்கு வந்தால், அங்கே பெண்கள் எல்லாரும் கூந்தல் முடிந்து, தூக்குவாளியோடு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன அய்யா இம்புட்டு மூச்சு வாங்குது?" என்றாள் வெள்ளைத்தாய். "கரண்ட் போனதுமே சங்கு ஊதாதுன்னு தெரிஞ்சுக்கிட்டோம். கெளம்பி வந்துட்டோம்."

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஞானபாக்கியம் எங்க?"

வெள்ளைத்தாயும் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "சங்கு கேட்ட பொறவு கெளம்புன்னு நீங்க சொன்னீகளே. அதை அப்படியே நம்புற ஒரே ஆளு அவதான். சங்குக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருப்பா."

அந்த நேரம் பார்த்து மாரிசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். செயின் அறுந்து கையெல்லாம் கிரீஸ். கீழத்தெருவுக்குள் நுழையவே இல்லை. சங்கரலிங்கம் தன் சைக்கிளை அவர் கையில் திணித்தார். "கடைசி வீடு. ஓடிவரச் சொல்லுங்க."

மாரிசாமி போவதும் பஸ் வருவதும் ஒன்றாக நடந்தன. ஏழு ஒன்பது. பெண்கள் எத்தனை மெதுவாக ஏற முடியுமோ அத்தனை மெதுவாக ஏறினார்கள். வெள்ளைத்தாய் படியில் நின்று செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள். ஏழு பதினொன்று. பேச்சிமுத்து விசிலை வாயில் வைத்தார்.

"கண்டக்டர், ஒரு நிமிஷம். புகார்ப் புத்தகத்தைக் கொடுங்க."

பேச்சிமுத்துவின் வாயிலிருந்து விசில் நழுவியது. "சார்? நான் என்ன செஞ்சேன்?"

"பிரயாணி கேட்டாக் கொடுக்கணும். கொடுங்க."

எழுதிய புத்தகம் கைக்கு வராமல் பஸ்ஸை எடுக்க முடியாது. பேச்சிமுத்து முகம் தொங்கக் கொடுத்தார். சங்கரலிங்கம் படிக்கட்டில் ஒரு காலை வைத்து, பேனா மூடியைத் திருகித் திறந்து எழுதலானார். அனுப்புநர். பெறுநர். ஐயா. பொருள். கோடு போட ஸ்கேல் இல்லாததால் டிக்கெட் கட்டை வாங்கிக்கொண்டு, பொருளுக்கு அடியில் நேராக ஒரு கோடு இழுத்தார். பிறகு உள்ளடக்கம். தோள்மேலாக எட்டிப் பார்த்த பேச்சிமுத்துவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. 'இப்பேருந்தின் நடத்துநரும் ஓட்டுநரும் நாள்தோறும் காலை சரியாக ஏழு பத்து மணிக்கு இவ்வூரிலிருந்து புறப்படுகிறார்கள் என்பதைக் கடந்த பதினோரு வேலை நாட்களாக நேரில் கண்டுவருகிறேன். இதற்கு மாறாகப் பொதுமக்கள் முன்பு அனுப்பிய மனுக்கள், இவ்வூர்ச் சங்கின் பிழையால் நேர்ந்தவை…'

"சார், இந்த வரிக்கு அடியிலயும் ஒரு கோடு," என்றார் பேச்சிமுத்து.

டிரைவர் ஹாரன் அடித்தார். "யோவ், மணி ஏழு பதினாலு."

"இருய்யா, நம்மளப் பத்தித்தான் எழுதுதாரு."

கீழத்தெரு முனையில் முதலில் மணிச்சத்தம் கேட்டது, பிறகு சைக்கிள் தெரிந்தது, அதற்கு முன்னால் ஓடிவந்த ஞானபாக்கியம் தெரிந்தாள். பின்னாத கூந்தல், கையில் மூடி இல்லாத தூக்குவாளி. வழியெல்லாம் ரசம். இரண்டு பேர் கையை நீட்டி அவளை உள்ளே தூக்கினார்கள். சங்கரலிங்கம் முற்றுப்புள்ளி வைத்து, கையெழுத்திட்டு, நாளும் நேரமும் குறித்துப் புத்தகத்தை நீட்டினார்.

பேச்சிமுத்து வாசித்துவிட்டுத் தயங்கினார். "இன்னைக்குத் தேதி, ஏழு பதினாறுன்னு போட்டிருக்கீகளே சார். அதுக்கு மேல சரியா ஏழு பத்துன்னு இருக்கு. டெப்போவுல வாசிச்சாச் சிரிப்பாகளே."

சங்கரலிங்கம் யோசித்தார். நேரத்தை அடித்தார். அடித்த இடத்தில் முறைப்படி சுருக்கொப்பம் வைத்தார். பஸ் போய்விட்டது.

அன்று முழுவதும் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு குரல் வரவில்லை. ஒரு கடிதத்துக்கும் கை போகவில்லை. வழியில் ரயில்வே கேட் ஒன்று உண்டு; அது மூடியிருந்தால் என்ன ஆகும் என்று இரண்டு முறை தவசிமுத்துவிடம் கேட்டார். தவசிமுத்து இரண்டு முறையும், "தொறந்திருக்கும் சார்," என்றார்.

மாலை ஐந்தரைக்கு ஞானபாக்கியம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். பின்னால் வெள்ளைத்தாய்.

"எட்டுக்கு ரெண்டு நிமிசம் இருக்கையில உள்ள போயிட்டோம் அய்யா," என்றாள் ஞானபாக்கியம். "நானூத்தி எண்பதுன்னு மேஸ்திரி எழுதி எங்கிட்டயே காட்டுனாக. திங்கக்கெழமை ஆர்டர் கைக்கு வருது." இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்துப் பேசினாள். படியிறங்கப் போனவள் திரும்பினாள். "திங்கக்கெழமை சங்கு ஊதுமா அய்யா? ஆர்டர் வாங்கப் போற அன்னைக்கு லேட்டாப் போனா நல்லா இருக்காதே."

பரிசோதனை உத்தரவு இன்றோடு முடிகிறது. கூட்டம் ஐந்தாம் தேதி. அன்றையும் சேர்த்து நாலு காலை. சங்கரலிங்கம் தவசிமுத்துவைப் பார்த்தார். கரகரத்த குரலில் சொன்னார்:

"பதிவேட்டுல எழுதிக்கோங்க. முப்பதாம் தேதி காலை இயந்திரம் ஒலிக்கவில்லை. ஆகவே மே ஐந்தாம் தேதி வரை பரிசோதனை நீட்டிக்கப்படுகிறது."

தவசிமுத்து எழுதினார். "ஒலிக்காததுக்குக் காரணம் மின்தடைன்னு போடவா சார்?"

"காரணம் ஆராயப்பட்டு வருகிறதுன்னு போடுங்க," என்றார் சங்கரலிங்கம். "இன்னும் நாலு நாள் நாலரைக் காப்பின்னு வீட்டுல எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை."